வாற கிழமை வாங்கோ

கதிரை என்ற பொருள் எதற்காக இருக்கிறது என்று அந்த டொக்டருக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. "இருங்கோ டொக்டர்" என்றால், "இருக்கிறன், இருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே யன்னலடிக்குப் போவார். அங்கே நின்று ரோட்டைப் பார்ப்பார். அடுத்த நிமிடம் எங்கள் குசினிக்குள் நிற்பார். ஃபிரிட்ஜைத் திறந்து, மகளின் கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலை எடுத்து, லைற்றுக்கு நேரே பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி மேசையில் ஆறி ஆடை கட்டிப் போயிருக்கும். எங்கள் பிளாற்றில் அவர் ஒரு கோப்பை தேத்தண்ணியை முழுதாகக் குடித்ததை நான் ஒருநாளும் காணவில்லை. முதல் முதல் எனக்கு அது பெரிய எரிச்சல். ஒரு வீட்டுக்கு வந்தால் மனிசர் மாதிரி இருந்து எழும்பிப் போனால் என்ன என்று நினைப்பேன்.

அவர் கண் டொக்டர். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி. பின்னேரத்தில் கொட்டாஞ்சேனையில், என் மச்சாள் வீட்டின் கீழ்த்தட்டில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறையில் கிளினிக். குடியிருந்தது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். எங்கள் பிளாற்றில் இருந்து நடந்து போகிற தூரம். தனி ஆள். மெலிந்து உயர்ந்த உருவம். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றித்தான் கட்டுவார், நடக்கிற வேகத்துக்குத் தடக்கக் கூடாதாம். கையில் காப்பு இல்லை, சங்கிலி இல்லை, சாவிக்கொத்து மட்டும். அந்தச் சாவிக்கொத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ரோச் லைற் தொங்கும்.

மச்சாள் என்றது என் கணவரின் அக்கா. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆள். "அந்தரம் பிடிச்ச மனிசி அது, பிள்ளை" என்பார். "பெத்த தாய் எப்பிடித்தான் ஏணைக்குள்ள போட்டு நித்திரையாக்கினாவோ!"

அந்தரம் என்றால் சும்மா அந்தரம் இல்லை, காலை ஓரிடத்தில் வைக்க விடாத அந்தரம். ஆனால் அந்த அந்தரம் முழுக்கப் போய் முடிவது ஒரே இடத்தில்தான், மற்றவர்களின் கண்ணில். காலி வீதிச் சேலைக்கடைக்குள் போனால் சேலையைப் பார்க்க மாட்டார். பக்கத்தில் தாயின் தோளில் கிடக்கிற குழந்தையைப் பார்ப்பார். அதுவும் சாதாரணமாக இல்லை, கழுத்தை நீட்டி, தலையைச் சரித்து, இமை வெட்டாமல். பஸ்ஸில் முன் சீற்றில் இருக்கிற பிள்ளை திரும்பிப் பார்த்தால் முடிந்தது கதை. ஒருநாள் மரைன் டிரைவில் செவ்விளநீர் வாங்கப் போன இடத்தில், வெட்டிக்கொண்டு நின்ற இளந்தாரியிடம், "மல்லி, பொட்டக் மே பெத்த பலண்ட" என்று சிங்களத்தில் முகத்தைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, ரோச் லைற்றை அடித்துவிட்டார். அவன் கையில் கத்தி. அவனோ சிரித்துக்கொண்டு மற்றக் கண்ணையும் காட்டினான்.

தாய்மார் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு மனிசி பச்சைப் பிள்ளையை வெறித்துப் பார்த்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? நாவூறு படுத்தப் போகிறாள் என்று பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அங்கால் போவார்கள். இவர் விடாமல் பின்னாலேயே போவார். "நான் கண் டொக்டர் பிள்ளை, ஒரு நிமிசம் நில்லுங்கோ." அநேகமாக ஒன்றும் இராது. "சரி, போங்கோ" என்பார். குறைநினைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை? கிடையாது. அதற்குள் அவருடைய கண் வேறு பிள்ளையிடம் போயிருக்கும்.

என் மகள் ஆரணியையும் அவர் அப்படித்தான் பிடித்தார்.

ஆரணி பிறந்ததில் இருந்தே கண்ணழகி என்று பெயர் எடுத்தவள். கறுப்பு முழி பெரிதாக, பளபளவென்று, லேசாக நீலம் ஓடினது மாதிரி இருக்கும். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் தாதிமாரும் "லஸ்ஸன எஸ்", வடிவான கண் என்று தூக்கித் தூக்கிக் கொஞ்சினார்கள். எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற சனம் எல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். நான் பெருமையில் மிதந்தேன், பொய் சொல்லக் கூடாது. மச்சாள் வரும்போதெல்லாம் பிள்ளையின் கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுத்தப் பொட்டு வைத்துவிட்டுப் போவார். "எங்கட அம்மான்ர கண். ஆற்ற பார்வையும் படக்கூடாது."

கண்ணில் எந்நேரமும் நீர் வடிந்துகொண்டிருந்தது. அதற்கு மச்சாள் தாய்ப்பால் இரண்டு துளி விடச் சொன்னார். எங்கள் வழமையான டொக்டர், கண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்திருக்கும், மூக்கோரத்தைத் தடவிவிடுங்கோ, தானாகத் திறக்கும் என்றார். இரண்டையும் செய்தோம். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் பிள்ளை என் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "இப்பவே வெட்கத்தைப் பாருங்கோவன்" என்று சிரித்தோம். வந்தவர் போனவர் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முதல் பல்லு முளைத்ததும், பல்லுக்கொழுக்கட்டை தன் வீட்டில்தான் கொட்ட வேண்டும் என்று மச்சாள் ஒற்றைக் காலில் நின்றார். கொட்டாஞ்சேனை வீட்டு மேல்தட்டில் சனம் நிரம்பி வழிந்தது. பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகளைக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு தட்டத்தைப் பிள்ளைக்கு முன்னால் வைத்தார்கள். புத்தகம், பேனை, காப்பு, கண்ணாடி, எல்லாம் அதில் இருந்தன. பிள்ளை எதைத் தொடுகிறதோ அதை வைத்து டொக்டரோ ரீச்சரோ என்று பேசுவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஆரணி ஒன்றையும் தொடவில்லை. வீடியோக்காரர் பெரிய லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாயில் முகத்தை அழுத்திக்கொண்டு வீரிட்டுக் கத்தியது. "புத்தகத்தை எடடி குஞ்சு, புத்தகத்தை எடு" என்று சுற்றிவர எல்லாரும் கத்தினார்கள். மச்சாளின் முகம் கறுத்துப் போயிற்று.

அந்த நேரத்தில்தான் டொக்டர் கீழே இருந்து ஏறி வந்தார். சாப்பிட வரச் சொல்லி மச்சாள்தான் கூப்பிட்டு விட்டிருந்தார். கையில் யாரோ கொடுத்த கொழுக்கட்டைத் தட்டோடு கதவடியில் நின்றவர், தட்டை வைக்க இடம் தேடாமல் பக்கத்தில் நின்றவரின் கையில் திணித்துவிட்டு, சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"லைற்றை நிப்பாட்டுங்கோ."

"டொக்டர், இன்னும் எடுத்து முடியேல்லை…" என்றார் வீடியோக்காரர்.

"நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான்!"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய் யன்னலைச் சாத்தினார். நான் பின்னால் ஓடினேன். இருட்டில் ஆரணியின் அழுகை நின்றது. மெல்லக் கண்ணைத் திறந்தாள். டொக்டர் ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு கண், மற்றக் கண், திரும்ப முதல் கண் என்று பார்த்தார். பிறகு இமைக்கு மேலாக இரண்டு விரலால் மெதுவாக அமத்திப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம் இந்தக் கண் இவ்வளவு பெரிசு?"

"பிறந்ததில இருந்து டொக்டர்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை விடவில்லை. "எல்லாரும் நல்ல வடிவு எண்டு சொல்லுறவை."

"இது வடிவில்லைப் பிள்ளை. வீக்கம்."

அந்தச் சொல்லை என் காது வாங்கியது, மனம் வாங்கவில்லை. டொக்டர் அறைக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே சொன்னார். "உங்கட பிளாற்றில குளிக்கிற அறைத் தண்ணி போற ஓட்டை அடைச்சா என்ன நடக்கும்? பைப் திறந்தபடி, தண்ணி தேங்கும். கண்ணுக்குள்ளயும் எந்நேரமும் ஒரு நீர் ஊறும், வெளியால போகும். இவவுக்குப் போற வழி சரியாத் திறக்கேல்லை. நீர் தேங்கி உள்ளுக்க அழுத்துது. எங்கட கண் எண்டா இறுகினது, பெருக்காது. குழந்தையின்ர கண் மெல்லிசு, இழுபட்டுப் பெருக்கும். பின்னால இருக்கிற நரம்பை அது நெரிக்குது. குளுக்கோமா எண்டு சொல்லுறது."

கதவடியில் நின்ற மச்சாள் பாய்ந்தார். "அது கிழடு கட்டையளுக்கு வாற வருத்தமெல்லோ!"

"பிறக்கேக்கயே வரும். இருபது வயசிலயும் வரும்."

"சுகம் வந்திடுமோ டொக்டர்?" என்று கேட்டேன்.

"போன பார்வை வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். திங்கக்கிழமை விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கோ. மயக்கிப் பாக்க வேணும். பால் எப்ப நிப்பாட்ட வேணும் எண்டு நான் போனில சொல்லுவன்."

ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டவில்லை. படியில் இறங்குகிற செருப்புச் சத்தம்தான் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு கதையைச் சொல்லிவிட்டுப் போகிறாளே என்று மச்சாள் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். வீடு முழுக்க இருமியது. எனக்கு டொக்டர் மீது வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. என் பிள்ளையின் கண்ணைப் பார்த்து வீக்கம் என்று சொல்ல இவள் யார் என்று இருந்தது. ஆனால் திங்கள் விடியப் போனேன். போகாமல் இருக்கப் பயமாக இருந்தது.

பிள்ளையை மயக்கி, அழுத்தம் பார்த்து, கறுப்பு முழியின் அகலத்தை அளந்தார்கள். அவர் சொன்னது சரி. இரண்டு கண்ணிலும் சரி. அந்தக் கிழமையே ஒப்பரேசன். நீர் போகும் வழியை உள்ளே திறந்துவிட வேண்டும், தலைமயிர் மாதிரி மெல்லிய இடத்தில். தியேட்டருக்கு வெளியே நானும் கணவரும் நின்றோம். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். கதிரையில் ஒரு நிமிடம் இருக்கத் தெரியாத இந்த மனிசி எப்படி என் பிள்ளையின் கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்? அங்கே வேலை செய்த தாதி ஒருவரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "நோனா, உள்ளுக்கு வந்தா அந்த டொக்டர் மூச்சு விடுறதும் தெரியாது. கை கல்லு மாதிரி நிக்கும்" என்றார். அதை நான் என் கண்ணால் காணவில்லை. நம்புவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

வெளியே வந்தவரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். "எல்லாம் சரியோ டொக்டர்?"

"வாற கிழமை வாங்கோ."

அவ்வளவுதான் பதில். வருடக்கணக்காக அவரிடம் நான் வாங்கிய பதிலும் அதுதான். நல்லது என்று சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார், எப்போது திரும்ப வர வேண்டும் என்பதை மட்டும் சொல்வார். அதை வைத்து நாங்கள்தான் பலன் பார்க்க வேண்டும். "வாற மாசம் வாங்கோ" என்றால் எங்களுக்குத் திருவிழா. போகிற வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போவோம். "நாளைக்கு ஒருக்கா வாங்கோ" என்றால் வீட்டில் உலை வைக்க மனம் வராது. வலது கண் ஒரு ஒப்பரேசனோடு படிந்தது. இடது கண் படியவில்லை, திரும்பவும் வெட்ட வேண்டி வந்தது. அந்தக் காலம் முழுக்க "வாற கிழமை", "வாற கிழமை" என்றே போயிற்று. ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டேன். "ஒருக்கால் எண்டாலும் பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லக் கூடாதோ டொக்டர்? உங்களுக்கு என்ன காசே செலவு?" அவர் மேசையில் கிடந்த சாவிக்கொத்தைத் தேடி எடுத்தார். "பயப்பிடுங்கோ பிள்ளை. அப்பத்தான் வருவியள்" என்றார்.

ஒப்பரேசனோடு முடிந்துவிடுகிற வருத்தம் இல்லை இது. விடியவும் பின்னேரமும் மருந்து. இழுபட்ட கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. அதற்கு மேல், இடது கண் சோம்பிப் போகக் கூடாதென்று நல்ல கண்ணை மூடி ஒட்டிவைக்க வேண்டும். ஒட்டினால் பிள்ளை பிய்த்து எறியும், நான் திரும்ப ஒட்டுவேன், இரண்டு பேரும் அழுவோம். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடிக்கும். லிஃப்ட் வேலை செய்யாத நாளிலும் டொக்டர் மாடி ஏறி வந்து நிற்பார். நாங்கள் ஒட்டுகிறோமா இல்லையா என்று பார்க்க! வராத நாளில் போன் வரும். ஹலோ கிடையாது. "விட்டாச்சோ?" "விட்டாச்சு டொக்டர்." டக்கென்று வைத்துவிடுவார். கணவர் சொல்லிச் சிரிப்பார். "சாமிக்கு விளக்குக் கொளுத்த மறந்தாலும் மறக்கலாம், இந்த மனிசிக்குப் பதில் சொல்லாமல் படுக்கேலாது."

ஆரணிக்கு அவரைப் பிடிக்கும். அவரைப் போல நடந்து காட்டுவாள், பேசிக் காட்டுவாள். ஆஸ்பத்திரியோ கிளினிக்கோ, தாதிமார் முதலில் காற்று ஊதுகிற மெஷினில் அழுத்தம் பார்த்து ஒரு கடதாசித் துண்டு கொடுப்பார்கள். டொக்டர் அந்தத் துண்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "இது இழுபட்ட கண். முன்பக்கம் மெல்லிசு. மெஷின் பொய் சொல்லும். நீல லைற் வைச்சு நான் பாக்க வேணும்" என்பார். ஒவ்வொரு முறையும் அதே வசனம், அதே மூச்சில். மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சம் வைத்து, தன் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும். ஆரணி வீட்டில் பொம்மையை இருத்திவைத்து, "மெஷின் பொய் சொல்லும்" என்று அதட்டி விளையாடுவாள்.

அப்படி விளையாடிய பிள்ளை உயர்தரம் படிக்கிற வயதில் குழப்படி பண்ணினாள். புதிதாகத் தொடங்கிய மருந்து கண்ணைச் சிவக்க வைத்தது. ரியூசனில் மற்றப் பிள்ளைகள், "என்னடி, இரவு முழுக்க அழுதனியோ? ஆரோட சண்டை?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் மருந்தை நிறுத்திவிட்டாள். டொக்டர் போத்தலைத் தூக்கிப் பார்ப்பார் என்று தெரியும் அல்லவா? கெட்டிக்காரி, ஒவ்வொரு நாளும் இரண்டு துளியைக் கைகழுவுகிற தொட்டியில் விட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். போத்தல் குறைந்தது. எனக்கும் தெரியாது. அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நோவு இல்லை, பார்வை மங்கவில்லை, பாடப் புத்தகம் எப்போதும் போல வாசித்தாள். கிளினிக்கில் நீல லைற் வைத்த டொக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அழுத்தம் ஏறியிருந்தது. அன்று இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. விறாந்தைக்கும் யன்னலுக்கும் நடையாய் நடந்தார்.

"கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருத்தன். கம்பஸில படிச்சவன். அப்ப உன்னிலும் பாக்கக் கொஞ்சம் வயசு கூட" என்று தொடங்கினார். "படியில இறங்கேக்க விழுவான். ஆக்களோட முட்டுப்படுவான். பராக்குப் பாத்துக்கொண்டு நடக்கிறான் எண்டு தேப்பன் ஏசுறது. கண்ணில சொட்டு நோவில்லை. பேப்பர் வாசிப்பான். கடைசி வரைக்கும் பேப்பர் வாசிச்சவன் ஆரணி! ஓரத்தால பூந்து பூந்து தின்னுறது இது. நடுவை மட்டும் மிச்சம் விடும். அதால ஒருத்தருக்கும் விளங்காது."

"இப்ப அவருக்கு எப்பிடி?" என்று ஆரணி கேட்டாள்.

"இப்ப பேப்பரும் இல்லை."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் முதல் முதல் தலையிடி எண்டு என்னட்டத்தான் வந்தவன். நான் அப்ப இளம் டொக்டர். கிளினிக்கில சனம். எழுத்து எல்லாம் வாசிச்சான். ஒண்டுமில்லைத் தம்பி, பயப்பிடாதை எண்டு நான்தான் சொல்லி அனுப்பினனான். அவன் நம்பி வீட்டை போயிட்டான். நான் சொன்னதை நம்பித்தான் பிறகு வரேல்லை."

பயப்படாதே என்று அவர் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆரணி எழும்பிப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, மருந்தை எடுத்து, அவருக்கு முன்னால் நின்று தன் கையாலேயே விட்டாள். இடது கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் பார்வை போய்விட்டது. அது வராது. அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் மருந்தைத் தவறவிட்டதில்லை.

கொஞ்சக் காலத்துக்கு முன் டொக்டர் ஒப்பரேசன் செய்வதை விட்டார். யாரும் சொல்லி இல்லை. "கை ஆடுது பிள்ளை. இனி வெட்டமாட்டன். கண்ணால பாக்கலாம்" என்று, கடையில் சீனி முடிந்துவிட்டது என்கிற மாதிரிச் சொன்னார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். போன மழைக்காலத்தில், கிளினிக்குக்கு வெளிக்கிட்டு நின்றவர் வாசலிலேயே சரிந்துவிட்டாராம். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் போய்ப் பார்த்தேன். அவரை அசையாமல் நான் கண்டது அன்றுதான். சுற்றிவரத் தடித்த கண்ணாடி போட்ட பிள்ளைகளும் இளம் ஆட்களும். சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். ஆரணி என் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். கண்ணைத் தானம் கொடுத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். மச்சாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆருக்கு வைச்சாங்களோ பாவம். அந்த ஆளுக்கு இனி ஆயுசுக்கும் நித்திரை வராது" என்றார். அழுகைக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புது டொக்டரிடம் நம்பர் எடுத்தோம். இளம் ஆள். நல்ல பண்பு. எழும்பி நின்று, "வாங்கோ அம்மா, இருங்கோ" என்றார். ஆரணியிடம் கம்பஸ் படிப்பைப் பற்றிக் கேட்டார். தாதி மெஷினில் ஊதி எடுத்த துண்டைப் பார்த்தார், கண்ணுக்குள் கொஞ்சம் பார்த்தார், கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு அம்மா. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. இதே மருந்தை விடுங்கோ. ஒரு வருசம் கழிச்சு வந்தாக் காணும்."

ஒரு வருடம்! இவள் கொழுக்கட்டைப் பாயில் இருந்த நாளில் இருந்து எத்தனை கோயிலில் நான் அந்தச் சொல்லுக்காக நேர்த்தி வைத்திருப்பேன். வெளியே வந்தேன். சந்தோசம் வரவில்லை. லிஃப்ட் வந்து கதவு திறந்தது, நான் ஏறவில்லை. ஆரணியும் ஏறவில்லை.

"அம்மா, அவர் நீல லைற் வைக்கேல்லை."

"ஓம்."

"மெஷினில ஊதினது மட்டும்தான்."

"ஓம் பிள்ளை."

கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் போய்விட்டது. நாங்கள் திரும்பி நடந்தோம். "எங்கட நம்பர்! எங்கட நம்பர்!" என்று வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார். "ஒரு நிமிசம் ஐயா, குறைநினையாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு நான் கதவைத் தட்டிவிட்டேன். புது டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, என்ன பிரச்சினை?"

ஆரணிதான் சொன்னாள். "டொக்டர், இது இழுபட்ட கண். முன்பக்கம் மெல்லிசு. மெஷின் பொய் சொல்லும். நீல லைற் வைச்சு நீங்கள் பாக்க வேணும்." அதே வசனம், அதே மூச்சு.

அவர் கோபிக்கவில்லை. அது அவருடைய நல்ல மனம். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "சரி தங்கச்சி, இருங்கோ" என்றார். மரக்கிற மருந்து விட்டு, மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தைக் கொண்டு வந்தார். வலது கண்ணைப் பார்த்தார். இடது கண்ணைப் பார்த்தார். திரும்பவும் இடது கண். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினார். பழைய பைலைப் புரட்டிக்கொண்டு அறையின் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தார். பிறகு வந்து இன்னொருமுறை பார்த்தார்.

"இடது பக்கம் ஏறியிருக்கு" என்றார். "நல்ல காலம் திரும்பி வந்தியள். இன்னொரு மருந்து சேர்க்கிறன். இண்டைக்கே தொடங்க வேணும்." என்னைப் பார்த்தார். "வாற கிழமை வாங்கோ. கட்டாயம் வாங்கோ."

கெட்ட செய்திதான். ஆனால் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. வெளியே வந்ததும் ஆரணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இப்பத்தான் அம்மா இவர் டொக்டர் மாதிரிக் கதைக்கிறார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மஞ்சள் மருந்தும் கண்ணீரும் ஒன்றாகக் கன்னத்தில் வடிந்தன. ஓட்டோவில் வெள்ளவத்தை வரும்வரைக்கும் நாங்கள் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன். அவள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். என்னால் முடியவில்லை. யன்னலடிக்குப் போனேன். ரோட்டைப் பார்த்தேன். குசினிக்குள் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, புதுப் போத்தலை எடுத்து, லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

"அம்மா, ஆறப் போகுது. வந்து இருந்து குடியுங்கோவன்" என்று ஆரணி கூப்பிட்டாள்.

"இருக்கிறன், இருக்கிறன்" என்றேன்.